வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமா?

சென்ற கிழமை நம் இல்லத்துக்கு நண்பரொருவர் வந்திருந்தார். அரசாங்க அலுவலகமொன்றிலே எழுதுவினைஞர். மூன்று பிள்ளைகளின் தந்தை. தேநீர் அருந்தி முடியும்வரை ஊர்ப்புதினம் பேசிக்கொண்டிருந்தவர், புறப்படும் வேளையில் மெல்ல மனத்தைத் திறந்தார். பாடசாலைக் கிரிக்கெட் அணியில் விளையாடும் அவருடைய மூத்த மைந்தன், ஆங்கில வில்லோ மரத்தாலான துடுப்பு ஒன்று வேண்டுமென்று ஒரே பிடியாக நிற்கிறானாம். அதன் விலையோ தந்தையின் ஒரு மாதச் சம்பளத்திற் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

"மற்றப் பிள்ளைகளிடம் நல்ல துடுப்பு இருக்கிறது, அதனாலேதான் அவர்கள் ஓட்டங்களைக் குவிக்கிறார்கள் என்கிறான். வாங்கிக் கொடுத்தால் இளையவர்களின் படிப்புக் காசிலே கைவைக்க வேண்டும். கொடாவிட்டால் பிள்ளையின் முன்னேற்றத்துக்கு நானே குறுக்கே நின்றவனாவேன். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நம் முன்னோர் இத்தகைய சந்தர்ப்பங்களுக்கென்றே பழமொழிகளை ஆயத்தமாக வைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது ஒன்று. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது மற்றொன்று. இவற்றுள் ஒன்றைச் சொல்லி நண்பரை அனுப்பிவைப்பது எளிது. ஆனால், பழமொழி முழு உண்மைதானா என்று ஒரு கணம் தயங்கினோம். புல்லும் வாளும் எதிரெதிரே நின்றால், இரண்டையும் ஏந்துவோர் சம வல்லமை படைத்தவர்களாயின், புல் வெல்லுமா?

கருவி பெரிதா, கை பெரிதா என்னும் இவ்வழக்கு மிக வெளிப்படையாகப் பல ஆண்டுகள் நடந்த களம் ஒன்று உண்டு. அது நம் பிள்ளைகளின் மைதானங்களுக்கு மிகவும் தொலைவானது. நடைமுறைக் கைத்துப்பாக்கிச் சுடுபோட்டி என்பது அதன் பெயர். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் சுருங்கும். அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. எவரையும் அக்களத்துக்கு அழைப்பது நம் நோக்கமன்று. அங்கே நடந்த வழக்கின் தீர்ப்பை மட்டும் அறிந்துகொள்வோம்.

ஒலிம்பிக் சுடுபோட்டியிலே வீரர் ஓரிடத்தில் நின்று குறிபார்ப்பார். இப்போட்டியிலோ அவர் ஓடவேண்டும். தடுப்புகளின் பின்னாலிருந்தும், சாளரங்களின் ஊடாகவும் அட்டைப் பலகைகளையும் இரும்புத் தகடுகளையும் சுடவேண்டும். துல்லியம், வலிமை, விரைவு என்னும் பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களே இவ்விளையாட்டின் தாரக மந்திரம். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட செக்கன்களால் வகுத்து வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள்.

மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். பன்னிரண்டு வெடிகள், நடுப்பகுதியிற் பட்டால் 5 புள்ளி. ஒருவர் அனைத்தையும் நடுவிலே பாய்ச்சி 60 புள்ளிகளை 6 செக்கனிற் பெறுகிறார்; வகுத்தால் 10. இன்னொருவர் எட்டை நடுவிலும், நான்கை 4 புள்ளிப் பகுதியிலும் பாய்ச்சி 56 புள்ளிகளை 5 செக்கனிற் பெறுகிறார், வகுத்தால் 11.2. மூன்றாமவர் 4 செக்கனில் முடித்துவிடுகிறார். ஆனால் இரண்டு வெடிகள் தவறிவிட்டன. தவறிய ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி கழியும். ஆகவே 50 புள்ளி 30 ஆகி, வகுத்தால் 7.5 தான். மெத்தனமும் தோற்றது, பதற்றமும் தோற்றது. இரண்டுக்கும் இடையே தன் எல்லையை அறிந்தவர் வென்றார்.

இவ்விளையாட்டின் தொடக்கம் 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, பிக் பெயர் லேக் என்னும் மலையூரில் நிகழ்ந்தது. ஜெவ் கூப்பர் என்னும் முன்னாள் கடற்படைப்பிரிவு அதிகாரி அங்கே போட்டிகளை ஒழுங்குசெய்தார். அக்காலத்தில் வந்தவர்களிற் பலர், உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, ஒரு கையால் இடுப்பருகே வைத்தே சுட்டனர். அதுவே விரைவான வழியென்பது அவர்கள் எண்ணம். ஆனால் வெடிகள் பல வீணாயின.

ஜாக் வீவர் என்னும் காவல் உத்தியோகத்தர் வேறொரு வழியைக் கண்டார். அவர் கையில் இருந்தது விசேடமாகச் செய்யப்பட்ட எதுவுமன்று. கடையில் வாங்கத்தக்க சுழல் துப்பாக்கிதான். அதை இரு கைகளாலும் பற்றிக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, குறிகாட்டியைப் பார்த்துச் சுட்டார். பார்ப்பதற்கு அது தாமதமான முறை. ஆயினும் 1959இல் வென்றவர் அவரே. விரைந்து தவறுவதிலும், சற்றுப் பிந்திப் படுவது மேல் என்பதை அவர் நிரூபித்தார். பின்னர் ஏனையோரும் அவரைப் பின்பற்றினர். அந்நிலைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. இதுவரையில் பழமொழி வென்றது.

1975இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. அமெரிக்கரான றே சப்மன் வாகை சூடினார். அடுத்த ஆண்டு மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் சர்வதேசச் சங்கம் அமைந்தது. கூப்பர் அதன் முதற் தலைவரானார். விளையாட்டு வளர்ந்தது, கைகளும் தேர்ந்தன. இரு கைப் பிடியும் குறிபார்த்தலும் எல்லோர்க்கும் பொதுவாகிவிட்டன. அப்பொழுதுதான் கருவியின் காலம் பிறந்தது.

துப்பாக்கிக் கம்மியர்கள் தம் பட்டறைகளில் அரத்தைக் கையிலெடுத்தனர். ஜோன் பிறவுணிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியே அவர்களுக்கு மூலப்பொருள். அசையும் பாகங்களை இடைவெளியின்றிப் பொருத்தினர். விசையை மெல்லிய விரலழுத்தத்துக்கு இணங்கச் செய்தனர். 1980களில் குழலின் நுனியில் மேற்புறம் துளைகள் கொண்ட ஓர் உறுப்பைப் பூட்டினர். வெடித்த மருந்தின் வாயு அத்துளைகளால் மேல்நோக்கிப் பாயும்போது, துள்ளியெழும் குழல்முனை கீழே அழுத்தப்படும். ஆகவே அடுத்த வெடிக்கு முனை விரைவிற் குறிக்குத் திரும்பும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சன்னத்தின் எடையையும் வேகத்தையும் பெருக்கி, அத்தொகை ஒரு குறித்த அளவுக்குக் குறையக் கூடாதென்பது இப்போட்டியின் விதி. வலிமையைக் காப்பதற்காகவே அவ்விதி பிறந்தது. ஆனால் எடை குறைந்த சன்னத்தை மிகுந்த வேகத்தில் எறிந்தாலும் அத்தொகை கிட்டும். வேகம் மிக, மருந்து மிகும். மருந்து மிக, வாயு மிகும். வாயு மிக, நுனியிலுள்ள துளைகள் நன்றாக வேலைசெய்யும். ஆகவே பருத்த 45ஆம் இலக்கத் தோட்டாவைக் கைவிட்டு, மெலிந்த 38 சூப்பர் தோட்டாவை நாடினர். விதியை மீறாமலே விதியின் நோக்கத்தைத் தாண்டிச் செல்லும் சாமர்த்தியம் இது.

பின்னர் குறிகாட்டிக்குப் பதிலாகச் செம்புள்ளி தோன்றும் கண்ணாடியும், முப்பதுக்குக் கிட்டத் தோட்டாக்கள் கொள்ளும் கூடும் வந்து சேர்ந்தன. 1990ஆம் ஆண்டில் கொலம்பியாவில் நடந்த பியாங்கிக் கிண்ணப் போட்டியில், டக் கேனிக் என்பவர் 1920 புள்ளிகளுக்கு 1920 புள்ளிகளையும் பெற்றார். அதற்கு முன் அங்கே எவரும் முழுப்புள்ளி பெற்றதில்லை. அவர் கையின் வல்லமையை எவர் மறுக்க முடியும்? ஆயினும், தேர்ந்த கைக்குத் தேர்ந்த கருவி கிடைத்தபோது பழைய கருவியோடு நின்றவர்களின் நிலை கடினமாயிற்று என்பதையும் மறுக்க முடியாது. ஒரு துப்பாக்கிக்குப் பல்லாயிரம் டொலர் கொடுக்க வல்லவரே முன்னணியில் நிற்பதெனின், அது கையின் போட்டியா, பணப்பையின் போட்டியா? புல் தோற்றது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதன்பின் அச்சங்கத்தார் செய்ததே நம் கருத்தைக் கவர்ந்தது. புதிய கருவிகளை அவர்கள் எரித்துவிடவில்லை. பழைய கருவிக்காரரை, "வசதியில்லையேல் விலகி நில்" என்று துரத்தவுமில்லை. போட்டியையே பிரிவுகளாக வகுத்தனர். எல்லாப் புதுமைக்கும் இடந்தரும் திறந்த பிரிவு ஒன்று. 225 மில்லிமீற்றர் நீளமும் 150 மில்லிமீற்றர் உயரமும் 45 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட பெட்டிக்குள் அடங்கவேண்டிய துப்பாக்கிகளுக்கு இன்னொன்று. அதில் நுனி உறுப்பும் செம்புள்ளியும் விலக்கப்பட்டவை. தொழிற்சாலையிலிருந்து வருகின்ற சாதாரணத் துப்பாக்கிகளுக்கெனப் பின்னர் மற்றொன்று. அங்கே விசையை அளவுக்கு மீறி இலகுவாக்கவும் இடமில்லை. சமமான கருவியோடு சமமானவர்கள் மோதும்போது மிஞ்சி நிற்பது கை மட்டுமே அன்றோ?

எந்தப் பிரிவாயினும் மாறாத விதியொன்றும் உண்டு. குழல்முனை முன்புறமிருந்து 90 பாகையைக் கடந்து பின்னே திரும்பக் கூடாது. குறிபாராமல் நடக்கும்போது விரல் விசைக்கு வெளியே இருத்தல் வேண்டும். நடுவர் ஆணையிட்டாலன்றித் தோட்டா இடக் கூடாது. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும், யாருக்கும் காயமின்றிப் போனாலும், அன்றைய போட்டி அவருக்கு அத்துடன் முடிந்தது. உலக வெற்றிவீரருக்கும் முதன்முறை வந்தவருக்கும் அதே தண்டனைதான். இந்த அடக்கத்தை எந்தக் கம்மியரும் அரத்தால் இழைத்துத் தர முடியாது; எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடையாது.

கருவியைப் பற்றிப் பேசினோம். கையையே இழந்தவன் என்ன செய்வான்? ஒலிம்பிக் விரைவுச் சுடுபோட்டியின் வரலாற்றில் அதற்கு விடையுண்டு. கட்டைவிரலை இழந்த ஏகலைவனுக்காக இரங்கி வளர்ந்தவர்கள் நாம். ஹங்கேரி நாட்டு இராணுவ வீரரான காரொய் தக்காச், 1938இல் பயிற்சியின்போது குண்டு வெடித்து, சுடும் வலக்கையையே இழந்தார். மருத்துவமனையிலிருந்து மீண்டதும், எவருக்கும் சொல்லாமல் இடக்கையாற் பழகத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தேசியப் போட்டியில் வென்றார். 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் யுத்தத்தால் நின்றுபோயின, அவர் காத்திருந்தார். 1948இல் இலண்டனிலே, தமது 38ஆவது வயதில், 580 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கப்பதக்கம் பெற்றார். 1952இல் எல்சிங்கியிலும் தங்கம் அவருக்கே கிடைத்தது. கருவிக்குப் பின்னால் கை. கைக்குப் பின்னால் கருத்து. முன்னிரண்டும் மாறலாம், மூன்றாவது தளராதிருந்தால் அவை மறுபடியும் உருவாகும்.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு, நேற்று நண்பர் வீட்டுக்கு நாமே சென்றோம். மைந்தனும் அங்கே இருந்தான். அவனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டோம். "தம்பி, நீ ஆட்டமிழக்கும்போது பந்து துடுப்பிலே பட்டும் தூரம் போகாமற் பிடிபடுகிறதா? அல்லது துடுப்பிலே படாமலே விக்கெற்றை வீழ்த்துகிறதா?"

பையன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "கூடுதலாகப் படாமற்தான் போகிறது, ஐயா" என்றான். பொய் சொல்லாத பிள்ளை. அதுவே பாதி வெற்றி என்று எண்ணிக்கொண்டோம். பந்திற் படாத துடுப்பு எந்த நாட்டு மரத்தாற் செய்யப்பட்டிருந்தால் என்ன? இப்பருவம் முழுவதும் இருக்கிற துடுப்போடு பழகுவதென்றும், அடித்த பந்துகள் ஓடாமல் நிற்கும் நாள் வந்தால் அப்போது தந்தையே முன்வந்து வாங்கித் தருவதென்றும் அவ்வீட்டில் உடன்பாடாயிற்று.

அந்நாள் வரக்கூடும். அப்போது, "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று பழமொழி சொல்லி அவனை அடக்கிவிடுவது நீதியாகாது. தேர்ந்த பிள்ளை நல்ல கருவி கேட்பது ஆடமாட்டாதவள் சொல்லும் சாக்கன்று. தனித்தனியே வாங்க இயலாத பெற்றோர் ஒன்றுகூடி, பாடசாலைக்கென நல்ல துடுப்புகள் இரண்டு மூன்றை வாங்கிப் பொதுவில் வைத்தால் என்ன? எழுதுவினைஞரின் மகனும் வணிகரின் மகனும் ஒரே துடுப்பை மாறி மாறி ஏந்தி ஆடட்டும். யாருடைய கை தேர்ந்தது என்பதை ஓட்டக் கணக்கே சொல்லிவிடும். நண்பர் இதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லப்போவதாக வாக்களித்திருக்கிறார்.