பெனர் கட்டியாயிற்று, அடுத்த ஆறு மாதம்?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் நம் தோட்டங்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கு மாலை, கோயிலில் அர்ச்சனை, சந்தியில் பெனர். பெனரில் பிள்ளையின் படத்தை விடத் தலைவர்மாரின் படம் பெரிதாக இருக்கும். நம் சங்கப் பத்திரிகை என்பதற்காக அதைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளை பஸ் ஏறிய பிறகு விசாரிப்பது தாய் தகப்பன் மட்டுமே. "சாப்பிட்டியா?" என்று கேட்டால், சாப்பிடாவிட்டாலும் "சாப்பிட்டேன்" என்றுதான் பதில் வரும்.

இலவசக் கல்வி என்கிறோம். வகுப்புக்குக் கட்டணம் இல்லை, உண்மை. சாப்பாடு, பஸ் காசு, போட்டோகொப்பி இலவசம் இல்லையே. மஹாபொல உதவித்தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் பிள்ளை போய்ச் சேர்ந்த மாதமே அது கைக்கு வருவதில்லை. வருமானச் சான்று, கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அலைந்து, பட்டியலில் பெயர் வந்து, வங்கிக் கணக்கில் காசு விழ மாதங்கள் போகும். பிள்ளைகள் மனம் உடைவது அந்த மாதங்களில்தான். மாலையில் கடையில் வேலைக்கு நிற்பார்கள், பிறகு பகலிலும் நிற்பார்கள். பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். விஞ்ஞானம், பொறியியல் என்றால் விரிவுரையும் ஆங்கிலத்தில். தமிழில் படித்துப் போன பிள்ளை முதலில் தடுமாறுவது மூளைக் குறைவால் அல்ல.

"எனக்குச் சரிவராது" என்று பையோடு லயத்துக்கு வந்து நின்றால் ஏசாதீர்கள். அதே நேரம், பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் அறிவிக்காமல் வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். நோய், குடும்பக் கஷ்டம் என்று காரணம் காட்டிப் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க அனுமதி கேட்கலாம். சொல்லாமல் நின்றால் இடமே போய்விடும். மாணவர் ஆலோசகர் என்று விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போகச் சொல்லுங்கள்.

சந்தா கட்டுவது சம்பளப் பேச்சுக்கு மட்டுமா? பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக் காசையும் பஸ் காசையும் தோட்டக் கமிட்டி கொடுக்கட்டும். கடனாக வேண்டாம், கடன் என்றால் வாங்கக் கூச்சப்படுவார்கள். சான்றிதழுக்காகத் தாய்மார் அரைப்பேர் இழந்து அலையாமல் தலைவரே கூடப் போய் முடித்துக் கொடுக்கட்டும். அதே வளாகத்தில் படிக்கும் நம் பகுதிப் பிள்ளை ஒருவரை, போவதற்கு முன்பே அறிமுகப்படுத்தி வைக்கட்டும்.

எங்கள் தோட்டத்தில் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முன்வைக்கிறேன். முதல் காசாக, இந்த முறை பெனருக்கு ஒதுக்கும் பணத்தையே கேட்கப் போகிறேன்.