நந்தனுக்கு நெருப்பு எதற்கு?

சூளகிரித் தோழர்கள் சிலர் நந்தன் கதையைப் பாட்டு நாடகமாக ஆடப் போவதாகவும், “உன்னை நீயே தாழ்வாக எண்ணாதே” என்பதே அதன் கருத்தென்றும் சொல்லி நமது யோசனையைக் கேட்டார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊரில் பாட்டு நாடகம் எடுபடும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கதையில்தான் சந்தேகம்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தின்படி நந்தன் ஆதனூர்க்காரர்; கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போகலாம், அவர் போகக்கூடாது! திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காகக் கல் நந்தி விலகிற்றாம். தில்லையிலோ, நெருப்பில் இறங்கிப் பூணூலோடு முனிவராய் எழுந்த பிறகே உள்ளே போக முடிந்ததாம். அந்தணர் கனவில் வந்த கடவுளாவது, “அவனை அப்படியே விடுங்கள்” என்று சொன்னாரா? நெருப்பை மூட்டு என்றல்லவா சொன்னாராம்!

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாக்கியபோது, மூலத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரையும், 40 வேலி நிலத்து வேலையை ஒரே இரவில் பூதகணங்கள் முடித்ததையும் சேர்த்தார். பண்ணையாளின் அடிமை வாழ்வை மேடையேற்றிய மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். (பாட்டுகளும் நல்ல பாட்டுகளே, பகுத்தறிவுக்காரனுக்குக் காது இல்லையா?) ஆனால் நெருப்பை அவரும் அணைக்கவில்லை. கல் நகர்கிறது, பூதம் வயலில் இறங்குகிறது, மனிதன் மனம் மாத்திரம் நகரவில்லை. இந்த முடிவை வைத்துக்கொண்டு “உன்னை மதித்துக்கொள்” என்று பாடினால் எவன் நம்புவான்?

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டுகொண்டார். அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபம் 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் உண்டு. கிந்தனுக்குச் சிதம்பர ஆசை இல்லை, படிப்பு ஆசை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியானான். தீயுமில்லை, பூணூலுமில்லை, சபையோ வயிறு வலிக்கச் சிரித்தது.

சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்த கோயில் நுழைவுச் சட்டமும் எவரையும் நெருப்பில் குளித்துவிட்டு வரச் சொல்லவில்லை. (உள்ளே போய்க் காண்பது என்ன என்பது வேறு கேள்வி.) ஆயினும், ஆலை வேலைக்கு வந்த பிள்ளை வாடகைக்கு வீடு கேட்டால், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்பவர்கள் இன்றும் இருக்கிறார்களே!

“நெருப்பை எடுத்துவிட்டால் கடைசிக் காட்சி ஏது?” என்றார் ஒரு தோழர். நந்தன் தோல் வாரும் கையுமாக வாசலில் நிற்கட்டும். வேஷம் மாற்ற வேண்டாம். “நான் இப்படியே வந்தால் என்ன?” என்று பாடட்டும். உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்லும்வரை திரையை இறக்க வேண்டாம் என்றோம்.