கடலூர் இந்துமதியும் நமது மைதானமும்

உதைபந்தாட்டம் என்றதும் நம் ஊரில் ஆண்பிள்ளைகளின் முகங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இரத்தோட்டை போன்ற மலைப்பாங்கான ஊரில் ஒரு துண்டு சமநிலம் கிடைப்பதே அருமை. கிடைக்கும் அந்தத் துண்டிலும் பெண்பிள்ளைக்குப் பங்கில்லை. தரம் ஐந்து வரை நானாமாரோடு பந்து உதைத்த பிள்ளை தரம் எட்டில் வேலியோரத்தில் நிற்கிறாள். தரம் ஒன்பதில் அங்கும் அவளைக் காணோம். யாரும் அவளை அதட்டி நிறுத்துவதில்லை. "இனிப் போதும் மகள்" என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்தச் சொல்லைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்கவே இதை எழுதுகிறேன். நான் உதைபந்தாட்ட வீராங்கனை இல்லை. உயர்தரத்தில் கலைப் பிரிவில் படிக்கும் சாதாரண மாணவி. ஆனால் நம் மொழி பேசும் ஒரு பெண்ணின் ஆரம்பகால விளையாட்டு வாழ்க்கையைப் படித்தபோது, நாம் எதை இழக்கிறோம் என்பது எனக்குத் தெளிவாக விளங்கியது.

அவர் பெயர் இந்துமதி கதிரேசன். 1994 இல் தமிழ்நாட்டின் கடலூரில் பிறந்தவர். 2004 டிசம்பரில் நம் கரைகளைத் தாக்கிய அதே சுனாமி கடலூரையும் தாக்கியது. அப்போது அவருக்குப் பத்து வயது. பெரிய நகரமோ பெரிய கழகமோ இல்லாத அந்தக் கரையோர மாவட்டத்திலிருந்து பல பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டத்துக்கு வந்தார்கள். இந்திய அணியில் ஆடிய சந்தியா ரங்கநாதனும் அதே மாவட்டத்தவர்தான்.

இந்துமதி பந்தைத் தொட்ட காலத்தில் அதில் சம்பாதிக்க வழியே இருக்கவில்லை. இந்தியப் பெண்களுக்கான தேசிய லீக் போட்டி தொடங்கியதே 2017 இல்தான். அப்போது அவருக்கு வயது 22. அதுவரை அவர் ஆடியதெல்லாம் கூலியை எதிர்பாராத ஆட்டம். "இதால என்ன பிரயோசனம்?" என்று யாராவது கேட்டிருந்தால், காட்டுவதற்கு அவர் கையில் எதுவும் இருந்திருக்காது.

பலன் பிறகுதான் வந்தது. 2018 பெப்ரவரியில் தேசிய சம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், பல தடவை கிண்ணம் வென்ற மணிப்பூரை 2-1 எனத் தோற்கடித்துத் தமிழ்நாடு முதல் தடவையாகச் சம்பியனானது. 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசியப் பெண்கள் சம்பியன்ஷிப்பில் இந்துமதியும் சந்தியாவும் இடம்பெற்ற இந்திய அணி கிண்ணத்தை வென்றது. அந்தத் தொடரில் நமது இலங்கை அணி அவர்களிடம் 5-0 எனத் தோற்றது. அதே வருடம் மே மாதத்தில் மதுரையின் சேது கழகம் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோதும் இந்துமதி அதில் இருந்தார்.

இவற்றோடு அவர் தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகராகவும் ஆனார். 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது இந்திய அணியின் வீராங்கனை சென்னை வீதியில் கடமையில் நின்றார். நிரந்தர உத்தியோகம், சொந்தச் சம்பளம், ஊரில் மரியாதை. தம் மகளுக்கு எந்தப் பெற்றோரும் கேட்பது இவற்றைத்தானே?

இனி நம் வீடுகளில் எழும் கேள்விகளுக்கு வருவோம். அவை நியாயமான கேள்விகள்.

முதலாவது, உடை. 2011 ஜூனில் ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்துக்காக ஜோர்தானின் அம்மான் நகருக்கு வந்த ஈரான் பெண்கள், தலையை மறைத்திருந்தார்கள் என்பதற்காக ஆட அனுமதிக்கப்படவில்லை. அழுதுகொண்டே மைதானத்தை விட்டுப் போனார்கள். ஆனால் அந்த விதி நிலைக்கவில்லை. 2012 இல் பரீட்சார்த்தமாகவும் 2014 இல் நிரந்தரமாகவும் தலைமறைப்பு அனுமதிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் அதே ஈரான், தலைமறைப்போடு ஆடி இந்தியாவைக் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் நிறுத்தியது. 2023 ஜூலையில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு உலகக் கிண்ணத்தில் ஆடிய முதல் பெண்ணானார். அன்று மொரோக்கோ தென் கொரியாவை 1-0 என வென்றது. உலகம் திறந்துவிட்ட கதவை நாமே ஏன் மூட வேண்டும்?

இரண்டாவது, படிப்பு. ஆப்கானிஸ்தானில் பிறந்த நாதியா நதீம், தந்தையைத் தலிபான்களிடம் இழந்து, தாயோடும் சகோதரிகளோடும் டென்மார்க்குக்கு அகதியாகப் போனவர். அகதி முகாமில்தான் பந்து விளையாடப் பழகினார். பிறகு டென்மார்க் தேசிய அணியில் ஆடினார். ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து 2022 இல் டொக்டரானார். எல்லோராலும் இது முடியும் என்று நான் சொல்லவில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம் ஓடுவதால் மட்டும் படிப்புக் கெட்டுவிடாது என்றுதான் சொல்கிறேன். நம் நாட்டிலும் தேசிய மட்டத்தில் திறமை காட்டுவோருக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டு. முப்படைகளிலும் பெண்கள் அணிகள் உண்டு.

மூன்றாவது, "ஊர் என்ன சொல்லும்?" என்பது. இதற்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த சம்பவத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பெண்பிள்ளை ஓடுவதே பிழை என்றிருந்தால் அந்தச் சம்பவம் நமக்கு வந்து சேர்ந்திருக்காது. ஒழுங்கும் பாதுகாப்பும் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அவற்றை ஏற்படுத்திக் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு. அவை இல்லை என்பதைக் காரணமாக்கிப் பிள்ளையை வீட்டுக்குள் இருத்துவது எளிது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவள் பிள்ளைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பி இலங்கையில் ஒரு பெண் வாழ முடியாது. விளையாடும் நூறு பேரில் ஒருத்திகூடத் தேசிய அணிக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் மற்றத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் உடலில் பலமும், தோற்றுவிட்டு மறுநாள் மீண்டும் வரும் மனமும் மிஞ்சும். பரீட்சையில் ஒருமுறை சறுக்கியதும் உடைந்துபோகும் தோழிகளை நான் பார்த்திருக்கிறேன். தோல்வியைப் பழக நமக்கு வேறு இடமே தரப்படவில்லை.

இந்துமதியின் ஆரம்ப வருடங்களைப் படிக்கும்போது அவருடைய திறமை மட்டும் என் கண்ணில் படவில்லை. பலன் தெரியாத அத்தனை வருடங்களிலும் அவர் மைதானத்தில் இருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பதின்மூன்று வயதில் அவர் நின்றிருந்தால், 23 வயதில் சம்பியனாகியிருக்க முடியாது. அவருக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியாமல் போயிருக்கும். நம்மில் எத்தனை பேர் அப்படித் தெரியாமலே நின்றுவிட்டோமோ, அல்லாஹ் அறிவான்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. கிழமைக்கு இரண்டு நாள், பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம். பாடசாலை மதிலுக்குள்ளேயே, ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில், நமக்கேற்ற உடையில். இரண்டு பந்துகள் போதும். பெற்றோர் கூட்டங்களில் புள்ளிகளைப் பற்றி மட்டும் கேட்கும் உம்மாமாரே, வாப்பாமாரே, அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு தரம் கேளுங்கள். தங்கைமாரே, அவர்கள் கேட்டு அனுமதி வாங்கித் தந்தால், முதல் நாளே சப்பாத்தோடு வாருங்கள்.