இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு குரல்

தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில நொடிகள் இருக்கும். "அடுத்து வருவது..." என்று ஒரு குரல் அந்த இடைவெளியை நிரப்பும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதற்கென்றே நிகழ்ச்சி அறிவிப்பாளர்கள் பணியாற்றி வந்துள்ளனர். செய்தி வாசிப்பவர் வேறு, இவர் வேறு. "எழுதி வைத்ததைப் படிக்க ஓர் ஆள் எதற்கு? முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கின்றனர். போதாது என்பதே என் கருத்து.

1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், லண்டனின் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பிபிசி தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. லெஸ்லி மிட்செல், ஜாஸ்மின் பிளை, எலிசபெத் கோவெல் ஆகிய மூவரும் அதன் முதல் அறிவிப்பாளர்கள். அவர்கள் திரையில் தோன்றியே பேசினர். 1939 செப்டம்பர் 1ஆம் நாள், போர் நெருங்கியதால் சேவை நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் திரை இருண்டு கிடந்தது. 1946 ஜூன் 7ஆம் நாள் சேவை மீண்டும் தொடங்கியபோது, ஜாஸ்மின் பிளை நேயர்கள்முன் தோன்றினார். எல்லாரும் நலமா என்று கேட்டார்; தம்மை நினைவிருக்கிறதா என்றும் கேட்டார். குண்டுவீச்சில் வீட்டை இழந்தவர்களும் உறவினரைப் பறிகொடுத்தவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். பழகிய முகம் ஒன்று திரும்பி வந்து நலம் விசாரிப்பதை எந்த ஒலிப்பதிவு ஈடுசெய்யும்?

இப்பணி எளிதானது என்று எண்ணிவிடாதீர்கள். பத்து நொடிகளுக்கான அறிவிப்பைக் கடிகாரத்தைப் பார்த்தபடியே, ஒரு நொடியும் கூடாமல் குறையாமல் படித்துப் பாருங்கள்! நேரலையாக ஒளிபரப்பாகும் பந்தயம் நீண்டுவிட்டால், எழுதி வைத்த வாசகத்தை அந்தக் கணமே மாற்றவும் வேண்டும்.

நிகழ்ச்சி அறிவிப்பே பலருக்கு வேறு வாய்ப்புகளின் கதவைத் திறந்தது. 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா ஒளிபரப்பை அறிமுகப்படுத்தியவர் பிபிசி அறிவிப்பாளர் சில்வியா பீட்டர்ஸ். அயர்லாந்துத் தொலைக்காட்சியின் தொடக்கக்கால அறிவிப்பாளர்களுள் ஒருவரான கேத்லின் வாட்கின்ஸ் யாழிசைக் கலைஞரும் ஆவார். எண்பது வயதைக் கடந்தபின் சிறுவர் கதைகளும் எழுதினார். 1985இல் பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு இடையே பேச, பிலிப் ஸ்கோஃபீல்டு என்ற இளைஞர் அமர்த்தப்பட்டார். அவர் அமர்ந்த அறிவிப்பு அறை மிகச் சிறியது. துடைப்பம் வைக்கும் அலமாரி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது! அந்தச் சிற்றறையிலிருந்துதான் அவர் நாடறிந்த தொகுப்பாளராக வளர்ந்தார்.

செலவைக் குறைக்க வேண்டும் என்ற நிறுவனங்களின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. விரும்பிய நேரத்தில் விரும்பியதை இணையத்தில் பார்ப்போருக்கு அறிவிப்பாளர் தேவைப்படுவதும் இல்லை. ஆனால், சிக்கனத்தால் இழந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? ஐடிவி வலையமைப்பின் வட்டார ஒளிவழிகளில் அந்தந்த ஊரின் அறிவிப்பாளர்கள் பேசி வந்தனர். 2002இல் இங்கிலாந்தின் வட்டாரங்களுக்கெல்லாம் லண்டனிலிருந்து ஒரே குரல் ஒலிக்கத் தொடங்கியது. வட அயர்லாந்தில் அப்போது வழக்கம் மாறவில்லை. அங்கே யூடிவி அறிவிப்பாளர் ஜூலியன் சிம்மன்ஸ், நாடகம் தொடங்கும்முன் பெல்ஃபாஸ்ட் பேச்சுவழக்கில், அடுத்த வீட்டுக்காரர் ஊர்க்கதை பேசுவதுபோல் கதைச்சுருக்கம் சொல்லி வந்தார். நாடகத்தைவிட அவர் பேச்சுக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு.

எல்லா நேரத்திலும் ஆள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரவு நேரத்திலாவது ஒருவர் ஒலிவாங்கியின்முன் இருக்கட்டும். வன்முறையையோ தற்கொலையையோ பேசும் நாடகம் முடிந்ததும், உதவி நாட வேண்டிய தொலைபேசி எண்ணை அறிவிப்பாளர் சொல்வது பிரிட்டனில் வழக்கம். அந்த வீட்டில் ஒருவர் தனியாக அமர்ந்து அழுதுகொண்டிருக்கலாம். நாடகத்தைத் தாமும் பார்த்த ஒருவர் அந்த எண்ணைச் சொல்லும்போது குரல் தானாகவே தாழும்.