பாட்டிக்கு வெறும் மறதிதானா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "வயசாயிடுச்சு, மறதி வராம என்ன பண்ணும்?" சாப்பிட்டுக் கை கழுவிய பாட்டி, "இன்னும் சோறு போடலையே" என்பார். பேரனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்...

இந்தச் சிரிப்பு சாதாரணமானதல்ல. ஆராய்ச்சிக் கணக்கையே தப்பாக்கிவிடும்!

திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்தவாசி, ஆரணி தாண்டினால் வேலூர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் 10/66 என்ற சர்வதேச ஆய்வுக் குழு, 65 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதித்தது. முடிவுகள் 2008-ல் 'லான்செட்' இதழில் வந்தன. வழக்கமான அமெரிக்க அளவுகோலின்படி, அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள் கியூபாவில் 6.3 சதவீதம் பேருக்கு. இந்தியக் கிராமத்திலோ வெறும் 0.3 சதவீதம்!

சந்தோஷப்பட வேண்டிய விஷயமா? இல்லை. மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருந்தால்தான் அந்த அளவுகோல் அதை நோய் என்று ஏற்கும். அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். பின்தங்கிய பகுதிகளில் உறவினர்கள் அதைக் குறைவாகவே சொல்கிறார்கள் என்று அந்த ஆய்வே கண்டது. காரணத்தை யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடைக்கு மகன் போகிறார், அடுப்படி மருமகள் கையில். பாட்டிக்கு வேலையே இல்லாதபோது, வேலை கெட்டது எப்படித் தெரியும்? போதாததற்கு, "பைத்தியம்னு ஊர்ல பேசுவாங்களே" என்ற பயம் வேறு.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பேரேட்டில் ஏறாத கடனுக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. கணக்கில் வராத நோயாளிக்கும் அதே கதிதான்.

பின்னர் நடந்த லாசி-டாட் என்ற தேசிய ஆய்வில், பெரியவரோடு அவரை நன்கு அறிந்த ஒருவரையும் விசாரித்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-ல் மதிப்பீடு வந்தது.

ஆய்வில் சேர்ந்தால் பாட்டி குணமாகிவிடுவாரா? மாட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. அதனால் குடும்பத்துக்கும் கேட்கும் உரிமை உண்டு. புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டி.

ஆகவே ஆய்வாளர் வீடு தேடி வந்தால், திண்ணையில் இருக்கும் பெரிய மனிதர் மட்டும் பதில் சொன்னால் போதாது. பாட்டிக்குச் சோறு போடும் மருமகளைப் பேச விடுங்கள். முதலில் கவனித்தவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.