கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கும் முன்...

சென்ற இதழில் மிக்ஸியின் கப்ளரை நாமே மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த சகோதரி ஒருவர், "மிக்ஸி வரைக்கும் சரி, கம்ப்யூட்டரை எல்லாம் நாம தொடலாமா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாகத் தொடலாம். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பேத்தி படிப்பதற்காக வாங்கிய பழைய டெஸ்க்டாப் ஒன்று கூடத்தில் இருக்கிறது. ஒரு நாள் காலையில் மருமகள் வந்து, "அத்தை, இந்தக் கம்ப்யூட்டருக்குப் புத்தி கெட்டுப் போச்சு. தினமும் தேதியை 2012-னு காட்டுது. பாங்க் பக்கம் திறந்தா பாதுகாப்பு இல்லைங்குது. புதுசே வாங்கிடலாம்னு அவர் சொல்றார்" என்றாள்.

"ராத்திரி சுவரில் சுவிட்சை அணைத்து விடுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம், கரண்ட் மிச்சம்னு நீங்கதானே சொன்னீங்க!"

வியாதி அங்கேயே தெரிந்து விட்டது. கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்கிற பெரிய அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு வட்ட பாட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். சில வருஷங்களில் அது தீர்ந்து விடும். சுவரில் சுவிட்ச் போட்டே இருந்தால் குறை வெளியே தெரியாது. அணைத்தால் மறுநாள் தேதி பின்னால் போய் விடும். தேதி தப்பாக இருந்தால், பாங்க் போன்ற பக்கங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கொண்டு முரண்டு பிடிக்கும். இதற்கா புதுசு வாங்குவது? பாட்டரி விலை, முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ விற்கிற விலைக்கு மேல் போகாது.

கடையில் சி.ஆர். 2032 என்று கேளுங்கள். 20 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் கனம். மூன்று வோல்ட். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இதுதான் இருக்கும். பழையதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

இனி வேலை. முதலில் முக்கியமான கோப்புகளை, குறிப்பாகக் குழந்தைகளின் போட்டோக்களை, வேறொன்றில் நகல் எடுத்து விடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, சுவிட்சையும் அணைத்து, பிளக்கைக் கையால் உருவி வெளியே போடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாதா என்றால், போதாது. நம் வீடுகளில் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிற சுவிட்சுகள் எத்தனையோ! பிளக்கை உருவிய பின் கம்ப்யூட்டரின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சம் இருக்கும் கரண்டும் வடிந்து விடும்.

இன்னொன்று. பெட்டியைத் தொட்டால் எப்போதாவது 'சுரீர்' என்று இழுக்கிறதா? அது கம்ப்யூட்டரின் கோளாறு என்று விட்டு விடாதீர்கள். வீட்டில் எர்த் சரியில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்யும் வரை அந்தப் பிளக்கில் எதையும் செருக வேண்டாம். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்து விட்டு இரண்டு துளையில் செருகும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள்.

நம் உடம்பிலேயும் ஒரு கரண்ட் உண்டு. நைலான் புடவையைக் கழற்றும்போது 'படபட' என்று சத்தம் வருமே, அதுதான். நமக்கு ஒன்றும் செய்யாது; ஆனால் நமக்கு உறைக்காத அளவே கூட கம்ப்யூட்டர் சில்லுகளைக் கெடுத்து விடும். ஆகவே பருத்திப் புடவை உடுத்திக் கொண்டு, வெறும் தரையில், மர மேஜையில் வேலை செய்யுங்கள். ஏ.சி. அறையில் காற்று வறண்டு இருக்கும், அங்கே வேண்டாம். உள்ளே கை வைக்கும் முன்பும், நடு நடுவிலும், பெட்டியின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுக் கொள்ளுங்கள். வளையல், மோதிரங்களைக் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி குனியும்போது முன்னால் தொங்காமல் ரவிக்கைக்குள் விட்டுக் கொள்ளுங்கள்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் செல்போனில் ஒரு போட்டோ. எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற சந்தேகம் பிறகு வராது. ஸ்க்ரூக்களை எங்கே வைப்பது? நான் குழிப் பணியாரக் கல்லை எடுத்து வந்தேன். மருமகள் சிரித்தாள். கழற்றிய வரிசையில் ஒரு குழிக்கு ஒரு வகை. கடைசியில் ஒன்று கூட மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.

உள்ளே பார்த்தால் ஒரே தூசி. போதாக்குறைக்கு ஒரு செத்த பல்லி! மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். விசிறியைத் துடைக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும், சுழல விடக் கூடாது. ஈரத் துணி கூடவே கூடாது.

பாட்டரியின் ஓரத்தில் ஒரு சிறிய உலோகக் கொக்கி இருக்கும். அதை மெதுவாகத் தள்ளினால் பாட்டரி தானே எழும்பும். புதியதை ஓரத்தில் பிடித்து, கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்தினால் ஆயிற்று. மொத்தமே ஐந்து நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பழைய பாட்டரியை மேஜை ஓரத்தில் வைத்தேன். வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள். திரும்பி வந்தால் பாட்டரியைக் காணோம்! ஒன்றரை வயதுப் பேரன் மேஜைக்கடியில் உட்கார்ந்திருக்கிறான். கையைப் பிரித்தேன், இல்லை. வாயைத் திறந்தேன், இல்லை. மருமகள் அழவே ஆரம்பித்து விட்டாள். கடைசியில் அவன் சட்டையை உதறியபோது 'டிங்' என்று விழுந்தது. இத்தனை வருஷம் எல்லாருக்கும் புத்தி சொல்கிற நானே செய்த தப்பு இது.

ஏன் அவ்வளவு பதறினேன் என்றால், இந்த அகலமான பாட்டரி குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக் கொள்ளும். அங்கிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் பாய்ந்து, காரம் உண்டாகி, சதையை எரிக்கும். இரண்டே மணி நேரத்தில் பலத்த புண்ணாகி விடலாம். தீர்ந்து போன பாட்டரிதானே என்று நினைக்காதீர்கள். கடிகாரம் ஓட்டத் தெம்பில்லாததற்கும் தொண்டையை எரிக்கத் தெம்பு இருக்கும்.

விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். எச்சில் வடிவது, இருமல், சாப்பிட மறுப்பது எல்லாம் சளி மாதிரியே தோன்றும்; சில குழந்தைகளுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது நிரம்பி, விழுங்கவும் முடிகிறது, நடந்து 12 மணி நேரம் ஆகவில்லை என்றால், போகிற வழியில் தேன் கொடுக்கலாம்: பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். தேன் புண்ணாவதைச் சற்றுத் தள்ளிப் போடும், அவ்வளவுதான், வைத்தியம் ஆஸ்பத்திரியில்தான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. எக்ஸ்ரேயில் பார்க்க இது காசு போலவே இருக்கும். ஆகவே டாக்டரிடம் "பட்டன் பாட்டரி" என்று தெளிவாகச் சொல்லி, புதியதன் அட்டையையும் காட்டுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக் கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம்.

ஆகவே இந்த வேலையைக் குழந்தை வேறு வீட்டில் இருக்கும்போது வைத்துக் கொள்ளுங்கள். கழற்றிய பாட்டரியை அந்தக் கணமே இரு பக்கமும் டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பரண் மேல் வையுங்கள். பிறகு குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்து விடலாம்.

மற்றவை சுருக்கமாக. ராம் என்கிற நீளச் சில்லை மாற்றலாம், ஆனால் டி.டி.ஆர். 3 இருந்த இடத்தில் 4 உட்காராது. நடுவில் உள்ள வெட்டு பொருந்தாவிட்டால் அழுத்தவே அழுத்தாதீர்கள். பொருந்தினால் இரு முனையையும் சமமாக அழுத்த, கொக்கி 'டக்' என்று மூடும். ஹார்டு டிஸ்க்கும் மாற்றலாம்; பழையதை மட்டும் அப்படியே காயலான் கடையில் போட்டு விடாதீர்கள், உங்கள் கணக்கு வழக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஆனால் கரண்ட் ஒயர் நேராகப் போய்ச் சேரும் அந்த இரும்புப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள், அதை ஒரு நாளும் பிரிக்கக் கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். கெட்டால் பெட்டியோடு மாற்றுவதுதான் முறை. கடைக்காரர் "பிரிச்சுப் பார்த்து ஒரு ஃபியூஸ் போட்டா போதும்மா" என்றாலும் அவரே அவர் கடையில் செய்யட்டும்.

எங்கள் கம்ப்யூட்டர் மூடியைப் பூட்டி, பிளக்கைச் செருகி, போட்டதும் டெலிட் பட்டனைத் தட்டி (சிலவற்றில் எஃப்2) தேதியும் மணியும் சரி செய்தோம். ராத்திரி சுவிட்சை அணைத்தோம். காலையில் எழுந்ததும் மருமகள் காப்பி கூடப் போடாமல் ஓடிப் போய்ப் பார்த்து விட்டு, "அத்தை, இன்னைக்குத் தேதிதான் காட்டுது!" என்றாள்.