ஆகாய விமானமும் ஆட்டுப் பலியும்

2007-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், நேபாள சர்க்காருக்குச் சொந்தமான விமானக் கம்பெனியார், தங்கள் போயிங் விமானம் ஒன்று அடிக்கடி கோளாறு செய்ததற்காக, காட்மாண்டு விமான நிலையத்திலேயே அதன் முன் இரண்டு ஆடுகளை வெட்டி ஆகாச பைரவருக்குப் பலியிட்டார்கள். பிறகு விமானம் பறந்தது. பழுது பார்த்தது மெக்கானிக்கா, ஆட்டு இரத்தமா என்று நாம் கேட்டால், உடனே நாஸ்திகர் என்பார்கள்.

நிற்க. அதே நேபாளத்தில் சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் லுக்லா என்றொரு மலைக் கிராமம் இருக்கிறது. முன்பெல்லாம் அங்கே போக நாட்கணக்காய் நடக்க வேண்டும். உப்பும் மருந்தும் மனிதன் முதுகில்தான் ஏறின. 1953-ல் டென்சிங்கோடு எவரெஸ்டு ஏறிய ஹில்லாரி, அப்பக்கத்து ஜனங்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டச் சாமான் கொண்டுவருவதற்காக, 1964-ல் அங்கே நிலம் வாங்கி, ஷெர்ப்பா மக்களின் உழைப்பால் ஓடுதளம் அமைத்தார். இன்றும் அதன் நீளம் 527 மீட்டர்தான். பெரிய விமானங்களுக்கு வேண்டிய இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் சமநிலத்திற்கு மலையில் எங்கே போவது?

நிலம் குறுகினால் அதற்கேற்ற விமானத்தைச் செய்வோம் என்று மனிதன் முனைந்தான். 1965-ல் கானடாவில் முதலில் பறந்த ட்வின் ஆட்டர் அப்படிப்பட்டது. சுமார் 19 பேர் ஏறலாம். இறக்கையின் பின்பக்கத் தகடுகளைக் கீழே சாய்த்தால், குறைந்த வேகத்திலும் காற்று அதைத் தாங்கும். ஆகவே கொஞ்ச தூரம் ஓடினாலே எழும்பும். லுக்லா ஓடுதளமும் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு சாய்வானது. இறங்கும்போது மேட்டில் ஏறி வேகம் தணியும். கிளம்பும்போது சரிவில் ஓடி வேகம் கூடும். இதில் எந்தத் தேவதைக்குப் பங்கு?

புஷ்பக விமானம் அன்றே எங்களிடம் இருந்தது என்று மார்தட்டுவோரைக் கேட்கின்றோம்: அது எந்தக் குடியானவன் வீட்டுக்கு ஒரு பொட்டலம் மருந்து கொண்டுபோயிற்று?

இதில் ஆபத்தில்லையா எனலாம். உண்டு. 2008 அக்டோபரில் லுக்லாவில் மூடுபனியில் இறங்க முயன்ற ட்வின் ஆட்டர் மோதி, 19 பேரில் 18 பேர் மாண்டனர். இதை விதி என்று விட்டுவிட்டால் அடுத்த பனியிலும் பிணம்தான். வழி தெரியாவிட்டால் திரும்பிப் போ, வானிலைக் கருவி வை, விமானிக்கு மேலும் பயிற்சி கொடு என்பதே பகுத்தறிவு கூறும் பரிகாரமாகும்.

தோழர்களே! பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்குமாகப் பிறந்த அந்த ஓடுதளம் இன்று பெரும்பாலும் மலையேற வரும் உல்லாசப் பிரயாணிகளுக்கே பயன்படுகின்றது. அவர்கள் வரட்டும், ஊருக்கு வரும்படியும் வரட்டும். ஆனால் பணக்காரனுக்கு முதல் இடம், பிரசவ வேதனையில் துடிக்கும் ஏழை ஸ்திரீக்குக் கடைசி இடம் என்றால், அறிவு வந்தும் நியாயம் வரவில்லை என்றுதான் பொருள். ரோடில்லாத நாட்டுச் சர்க்கார்கள் சிறு விமானத்தில் நோயாளிக்கு முதல் இடம் என்று சட்டம் செய்யட்டும். ஆடுகளும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பர்.